கூரை விளக்கை மாற்றுமுன்

நாகபுரிக் கோடையில் எங்கள் கூடத்தின் வெப்பத்தை மிகுவித்தவை, கூரையில் பதித்திருந்த ஆறு ஹாலஜன் விளக்குகளும்கூட என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். ஒவ்வொன்றும் 50 வாட். உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே உமிழ்பவை. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 45 யூனிட் ஆகும். 7 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறுக்கோ, ஏறக்குறைய 6 யூனிட் போதும்.

சிக்கனம் கருதி, புதிய விளக்குகளைப் பழைய மின்மாற்றிகளிலேயே பொருத்தச் செய்தேன். அவை இமை கொட்டுவதுபோல் துடித்தன. படிக்க அமர்ந்த மகள் கண்வலியோடு எழுந்துவிட்டாள். பிழை என்னுடையதே. ஹாலஜனுக்கென அமைந்த 12 வோல்ட் மின்னணு மின்மாற்றிகள் பல, இத்துணைச் சிறிய சுமையில் சீராக இயங்குவதில்லை. ஆதலின் அவற்றை நீக்கி, எல்.இ.டி.க்கு உரிய டிரைவரை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துதல் வேண்டும்.

வாங்கும்போது வாட்டை மட்டும் நோக்காது லூமெனையும் நோக்குக. விளக்கொன்றுக்கு 500 அளவில் இருத்தல் நன்று. கூடத்திற்கு 3000 கெல்வின் இளமஞ்சள் ஒளியும், சமையலறைக்கு 4000 கெல்வின் ஒளியும் பொருந்தும். நிறங்களை உள்ளவாறு காட்டும் சி.ஆர்.ஐ. எண் 80க்குக் குறைதல் ஆகாது. கூரைத் துளையின் விட்டத்தையும் அளந்து செல்க.

டிரைவரை மாற்றியபின் மகள் மீண்டும் கூடத்திலேயே படிக்கிறாள். சிக்கனம் நன்று, குழந்தையின் கண் அதனினும் நன்று.