உயர்நிலைப் பள்ளி எதைத் தருகிறது?

"பையனை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தேன், என்ன கண்டேன்?" என்று தோட்டத்துப் பெற்றோர் அலுத்துக்கொள்வதுண்டு. நியாயமான கேள்விதான். விடை தேடிச் சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்துக்குப் போவோம். அங்கே டிர்விட் சாலையில் 1933 முதல் 1984 வரை விக்டோரியா பள்ளி இயங்கிவந்தது. அதில் படித்த இருவர் பின்னாளில் நாட்டின் அதிபர்களானார்கள். இரண்டு குடும்பங்களையும் ரப்பர் தொட்டிருக்கிறது.

முதலாமவர் தேவன் நாயர். 1923-இல் மலாக்காவில் பிறந்தவர். தந்தை ரப்பர் தோட்டக் கிராணி. 1940-இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறி, பிறகு ஆசிரியரானார். குடியேற்ற ஆட்சியை எதிர்த்துச் செயல்பட்டதால் 1951-இல் ஆங்கில ஆட்சி அவரைக் காவலில் வைத்தது. 1961-இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அமைய முன்னின்றவர், 1981-இல் அதிபரானார்.

மற்றவர் எஸ்.ஆர். நாதன். அவருடைய தந்தை மூவாரில் வழக்கறிஞர் அலுவலகக் கிராணி. ரப்பர் விலை விழுந்த காலத்தில் கடன்பட்டு, மகனுக்கு எட்டு வயதானபோது இறந்துபோனார். நாதன் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டார். பதினாறு வயதில் வீட்டையும் விட்டார். ஜப்பானியர் ஆண்டபோது அவர்கள் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போருக்குப்பின் வேலை செய்துகொண்டே விட்ட படிப்பைத் தாமாகப் படித்து முடித்தார். 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வியல் பட்டயம் பெற்றார். 1956-இல் கப்பல் தொழிலாளர் நல அதிகாரி. 1999 முதல் 2011 வரை அதிபர்.

"பார்த்தீர்களா, பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்! விடாதீர்கள். பள்ளி ஊட்டிய ஆங்கிலம் இல்லாவிட்டால் நாதன் தனியே எந்தப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார்? ஆனால் தானே கற்கும் பழக்கத்தை அந்தத் தேர்வுத்தாள் அளக்கவில்லை. சங்க வேலைக்குத் தேவன் நாயருக்கு வேண்டியிருந்த துணிவும் அதில் வினாவாக வரவில்லை. மதிப்பெண் பார்த்து மாணவர்களை விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்துவந்த முறையைச் சிங்கப்பூரே 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விட்டுவிட்டது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? இந்த மாதச் சம்பளச் சீட்டை நான்காம் படிவத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், மிகைநேரக் கூலி சரியா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் திட்டவேண்டாம். யாரிடம் கேட்கலாம், எதைப் படித்தால் தெரியும் என்று அவனே தேடட்டும். ஒரு வாரம் பொறுத்து மறுபடி கேளுங்கள்.