வீட்டில் எஞ்சியிருக்கும் மருத்துவச் சாதனங்களை மற்றவர்களுக்குத் தரலாமா?

நோயாளி குணமடைந்த பின்னரும், சில வேளைகளில் காலமான பின்னரும், அவருக்காக வாங்கிய சாதனங்கள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. கட்டில், காற்றுப் படுக்கை, வாக்கர், சக்கர நாற்காலி, நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவை பரணுக்கும் மாடிப்படியின் அடிக்கும் போய்ச் சேர்கின்றன. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவருக்கு வாக்கர் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோதான் தேவைப்படும். அடுத்த தெருவிலேயே வேறொரு குடும்பம் அதே பொருளை வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருக்கக்கூடும். இவற்றை யாருக்காவது கொடுக்கலாமா என்று புறநோயாளர் பிரிவில் எங்களிடம் பலரும் கேட்கின்றனர்.

பெரும்பாலானவற்றைக் கொடுக்கலாம். ஆனால் மருத்துவச் சாதனம் என்பது பாத்திரத்தையோ மேசையையோ போன்றதன்று. ஒருவருடைய உடலுக்கும் நோய்க்கும் ஏற்ப அமைக்கப்பட்ட அது, மற்றொருவரிடம் செல்லும்போது மறுபடியும் அளந்து, சோதித்து, பொருத்தப்பட வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கும்போதுதான் நல்லெண்ணத்துடன் அளித்த பொருள் கெடுதல் செய்கிறது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது ஆக்சிஜன் செறிவூட்டியே. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது பல குடும்பங்கள் அலைந்து திரிந்து இக்கருவியை வாங்கின. அவற்றுள் பல இன்று உறை போட்டு மூலையில் நிற்கின்றன. இக்கருவி ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். கருவியினுள் இருக்கும் சியோலைட் என்னும் தாதுமணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. நல்ல நிலையிலுள்ள கருவியிலிருந்து வரும் காற்றில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அது 82 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு.

சியோலைட்டின் எதிரி ஈரம். நெடுங்காலம் இயக்காமல் வைத்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது திறனை இழக்கலாம். அப்போதும் கருவி வழக்கம்போல் ஒலி எழுப்பும்; குழாயிலிருந்து காற்றும் வரும்; அளவுகாட்டியில் குண்டு மேலெழும்பி 5 லிட்டர் என்று காட்டும். ஆனால் வருவது ஏறத்தாழ வெறும் காற்றாகவே இருக்கக்கூடும். பார்ப்பவர் எவருக்கும் ஐயம் எழாது; நோயாளிக்கு மட்டும் மூச்சுத் திணறும். ஆதலால் செறிவூட்டியைக் கைமாற்றும் முன் அதைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆக்சிஜன் அளவியால் சோதித்துக்கொள்ள வேண்டும். கருவி விற்கும் நிறுவனங்களின் பழுதுநீக்குநர்களிடம் இந்த அளவி இருக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொண்டு நலமாக இருப்பவர் ஒருவரிடம் சோதிப்பதில் பயனில்லை. அவருக்கு எப்படியும் 97, 98 என்றே காட்டும்.

பெறுகின்ற குடும்பத்திற்கும் ஒரு செய்தி. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய மருந்தளவு ஆகும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள பலருக்கு ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு வரை இருந்தாலே போதும். முந்தைய நோயாளிக்கு வைத்திருந்த அளவிலேயே இவருக்கும் வைத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு கூடி, மயக்கநிலைக்கே கொண்டு செல்லலாம். கருவி இருக்கும் அறையில் பீடி, சிகரெட்டு மட்டுமன்றி, விளக்கும் ஊதுபத்தியும் கூடாது. மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுவிடும் என்பதால் மாற்று ஏற்பாடு தேவை.

உறக்கத்தில் மூச்சுத்தடைக்கான சீபாப், பைபாப் கருவிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஒலியை அடக்குவதற்காக உள்ளே வைத்திருந்த நுரை சிதைந்து துகள்கள் மூச்சில் கலக்கக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பல வகைகளைத் திரும்பப் பெற்றது. பழைய கருவி கைக்கு வந்தால் அதன் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

வாக்கரும் சக்கர நாற்காலியும் எளிய பொருள்களாகத் தோன்றினாலும் இவற்றிலும் அளவு முக்கியம். பயன்படுத்துபவர் வழக்கமான காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடும்போது, வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். உயரமானவரின் வாக்கரைக் குள்ளமானவர் பிடித்தால் தோள் தூக்கும். மாறாக இருந்தால் கூனி நடந்து முன்னே சாய்வார். கால்களின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். அந்த ரப்பரை மருந்துக் கடையிலேயே வாங்கி மாற்றலாம்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவரின் இடுப்புக்கும் பக்கத் தடுப்புக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளியும், இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்திற்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியும் வேண்டும். தண்டுவடக் காயத்தால் உணர்ச்சியற்றுப் போனவருக்கு அளவு பொருந்தாத நாற்காலி உண்மையிலேயே ஆபத்தானது. வலி தெரியாததால் அவர் அசைந்து உட்கார மாட்டார். சில மணி நேரத்திலேயே அழுத்தப் புண் தொடங்கிவிடும். இத்தகையோருக்கு உரிய மெத்தை இல்லாமல் நாற்காலியை மட்டும் கொடுக்கக் கூடாது.

படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்றுப் படுக்கையைச் சோதிப்பது எளிது. நோயாளி படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, படுக்கைக்கு அடியில், உள்ளங்கை மேல்நோக்கியிருக்குமாறு கையை நுழைத்துப் பாருங்கள். இடுப்பு எலும்பு கையில் தட்டுப்பட்டால் படுக்கை தாங்கவில்லை என்று பொருள்.

தூய்மை செய்யும்போது கிருமிநாசினியை விடச் சோப்பு நீரே முதலில் தேவை. அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது. கட்டிலின் மூட்டுகளிலும் மெத்தையின் தையல்களிலும் மூட்டைப்பூச்சி உள்ளதா என்று பாருங்கள். காசநோயாளி படுத்த கட்டிலால் காசநோய் வருமா என்று அஞ்சுவோர் உண்டு. அந்நோய் காற்றின் வழியே பரவுவது. துடைத்து வெயிலில் வைத்த கட்டிலால் பரவாது.

ஆக்சிஜன் மூக்குக் குழாய், முகமூடி, நெபுலைசரின் மருந்துக் கிண்ணம், சளி உறிஞ்சும் குழாய், உணவுக் குழாய் ஆகியவை ஒருவருக்கு மட்டுமே உரியவை. நெபுலைசர் இயந்திரத்தைத் தரலாம். குழாயும் கிண்ணமும் முகமூடியும் புதிதாக வாங்கட்டும். சர்க்கரை பார்ப்பதற்காக விரலில் குத்தும் பேனாவை வீட்டிலுள்ளவர்களிடையே கூடப் பகிரக் கூடாது. உலர்ந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள்கள் வரை உயிர்ப்புடன் இருக்க வல்லது. பிரித்த மருந்துகளையும் இன்சுலினையும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மீதமுள்ள மார்பின் மாத்திரைகளை, அவற்றை வழங்கிய மருத்துவமனையிடமே ஒப்படைக்க வேண்டும்.

இறந்தவர் படுத்திருந்த கட்டிலை வாங்கத் தயங்குவோர் இருக்கின்றனர். காரியம் முடிவதற்குள் அதைக் கண்ணில் படாமல் அகற்றிவிட விரும்பும் குடும்பங்களும் உள்ளன. இரண்டு மனநிலைகளும் எங்களுக்குப் புரிகின்றன. துக்க நாள்களில் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்துக் கொடுத்தாலும் கட்டில் கெட்டுவிடாது. பெறுபவர் கேட்டால் உண்மையை மறைக்க வேண்டாம்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் வேரூன்றி, பின்னர் ஊர்தோறும் பரவிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு இயக்கம் இதற்கு நல்ல வழியைக் காட்டியுள்ளது. அங்கே தண்ணீர்ப் படுக்கையும் சக்கர நாற்காலியும் உள்ளூர்த் தொண்டர்களின் வாயிலாக வீட்டிற்குக் கடனாகச் செல்கின்றன. தேவை முடிந்ததும் திரும்பி வந்து, அடுத்த வீட்டிற்குப் போகின்றன. தானமாகக் கொடுத்த பொருள் மறுபடியும் ஒரு பரணில் முடங்கலாம். கடனாகக் கொடுத்த பொருளைக் கேட்டு ஒருவர் வருவார். இம்முறையே மேலானது என்பது எங்கள் கருத்து. குடியிருப்போர் சங்கமோ, கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகமோ ஒரு பதிவேடும் பூட்டிய ஓர் அறையும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.

எதைக் கொடுத்தாலும் ஒரு தாளில் வாங்கிய ஆண்டு, கடைசியாகப் பழுதுபார்த்த நாள், மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை எழுதிச் சாதனத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். செறிவூட்டியானால் அது ஓடிய மணி நேரமும், சோதித்தபோது காட்டிய ஆக்சிஜன் விழுக்காடும் அதில் இருக்கட்டும்; கையேடு கைவசம் இருந்தால் அதையும் உடன் சேர்த்துக் கொடுங்கள்.