வலசை வானம் – 9: எட்ட நின்று எடுக்கும் படம்

கிராஞ்சியில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத, சிங்கப்பூரின் இந்த வடமேற்கு மூலையில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, அவ்வளவுதான். ஆனால் சைபீரியாவிலும் வடசீனத்திலும் ஜப்பானிலும் குளிர் இறுகும்போது அங்கிருந்து கிளம்பும் வேட்டைப் பறவைகள் மலாய்த் தீபகற்பத்தின் வழியே இறங்கி இங்கே வருகின்றன. இறக்கையை விரித்தபடி மிதக்கும் பெரிய பறவைகளுக்குத் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றுதான் ஏணி. கடல்மேல் அந்த ஏணி கிடைப்பது அரிது என்பதால் நிலத்தைப் பிடித்தபடியே வருகின்றன. தேன்பருந்து, ஜப்பானிய வல்லூறு, பொரி வல்லூறு, விராலடிப்பான், எப்போதாவது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. நவம்பர் முதல் மார்ச் வரை இவற்றைத் தேடி நீண்ட லென்சுகளும் வருகின்றன. அந்த லென்சுகளுக்குப் பின்னால் இருப்பவர்களிடம் பரவலாக ஓர் எண்ணம் உண்டு: பறவை சட்டகத்தை நிறைத்தால்தான் படம். கிராஞ்சியைப் பொறுத்தவரை இது தவறான அளவுகோல் என்பது என் வாதம்.

இடத்தின் அமைப்பே நெருக்கத்துக்கு எதிரானது. 1970களில் கிராஞ்சி ஆற்றுக்கு அணை கட்டியபோது நீர் ஏறி, தாழ்ந்த நிலம் சதுப்பாக மாறியது. 56.8 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் கிராஞ்சி சதுப்புநிலம் 2016 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்குள்ள 10.65 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு வேட்டைப் பறவைகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பாலுள்ள மையப் பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். ஆகவே பறவை பெரும்பாலும் தொலைவில்தான் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் புல்வெளிமேல் கானல் நெளியும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்சாலும் அந்த நெளிவைத் துளைக்க முடியாது. இறகின் நுனி நுனியாகத் தெரியும் படத்தை இங்கே எதிர்பார்ப்பவர் ஏமாந்துதான் போவார்.

ஆனால் வானத்தில் வட்டமிடும் பறவையின் அடிப்பக்கம், சட்டகத்தில் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும், எவ்வளவு சொல்கிறது பாருங்கள். இறக்கை நுனியில் விரல்கள்போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும்: தேன்பருந்துக்கு ஆறு, ஜப்பானிய வல்லூறுக்கு ஐந்து, சீன வல்லூறுக்குப் பெரும்பாலும் நான்கு. தேன்பருந்தின் நிறத்தை நம்பவே முடியாது. வெளிர் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை எத்தனையோ உருவங்கள். சில, வலுவான கொண்டைக் கழுகுகளைப் போலவே கோடு போட்டுக்கொண்டு வரும். குளவிக்கூட்டைப் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் இந்தப் பறவையை அப்போது காட்டிக்கொடுப்பவை புறாவினுடையது போன்ற சிறிய தலையும் நீண்ட கழுத்தும்தான். வாலில் இரண்டு அகலமான கரும்பட்டைகளும் இடையே வெளிர் பட்டையும் இருந்தால் அது வளர்ந்த ஆண். இறகுகள் எல்லாம் ஒரே சீராக, இடைவெளி இல்லாமல் இருந்தால் இவ்வாண்டு பிறந்து முதல் பயணத்தில் வந்த குஞ்சாக இருக்கலாம். தொண்டைக்குக் கீழே புடைத்திருந்தால் சற்றுமுன்தான் இரை எடுத்திருக்கிறது. இனம், பால், வயது, பசி, இத்தனையும் ஒரே படத்தில்! இரை காட்டி வரவழைத்து எடுத்த முகப் படம் இவற்றில் பலவற்றை மறைத்துவிடும். அந்தப் பறவை இந்த நிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது.

இரை வைத்தால் பறவைக்கு என்ன குறை, வயிறு நிறையத்தானே செய்கிறது என்று கேட்பார்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில் ராவுசு துறைமுகத்துப் படகுகள் மிதக்கும் பனிப்பாளங்கள்மேல் மீனை வீசுகின்றன, கடற்கழுகுகள் வந்து குவிகின்றன, உலகமே அந்தப் படங்களை வியக்கிறது என்று சான்றும் காட்டுவார்கள். அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை படகு போன வழியைக் காட்டும் படங்கள். கழுகு தானாகத் தேர்ந்த இடத்தைக் காட்டுபவை அல்ல. நமக்கு அருகிலேயே லங்காவியில் சுற்றுலாப் படகுகள் செம்பருந்துகளுக்குக் கோழித்தோலை வீசி வந்த பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மீனும் நண்டும் தேடித் தின்னும் பறவைக்கு அது வெறும் கொழுப்பு. இங்கே புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தில் மீன்கழுகைப் படமெடுப்பதற்காக, மிதக்கும்படி நுரைப்பொருள் திணித்த மீனைப் போட்ட சம்பவத்தில் ஒருவருக்கு 500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கழுகின் வயிற்றுக்குள் அந்த நுரையும் போகும் என்பது யாருக்கும் தோன்றாமல் போனது வேதனை. 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, காட்டுயிர்க்கு வேண்டுமென்றே உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம். படத்துக்காகப் பறவையைத் துரத்தி எழுப்புவதும் தீங்கில் இதற்குக் குறைந்ததல்ல. பூனைப்பருந்து இரவில் புல்லுக்குள் தரையிலேயே அடைகிற பறவை. வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் வடக்கே திரும்பத் தேவையான கொழுப்பிலிருந்துதான் செலவழிக்கிறது.

எட்ட நில் என்பது விலையுயர்ந்த லென்சு உள்ளவர்களுக்கு மட்டுமே வசதியான அறிவுரை என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் விரல்களை எண்ணவும் வால்பட்டையைப் பார்க்கவும் 300 மில்லிமீட்டர் லென்சில் எடுத்து வெட்டிய படமே பெரும்பாலும் போதும். உண்மையில் நெருக்கத்தை அளவுகோலாக வைப்பதுதான் பணமுள்ளவருக்குச் சாதகமானது.

இன்னொரு மறுப்பு கனமானது. பறவையை விரட்டுவது நாலு புகைப்படக்காரர்களா, நிலத்தைச் சமன்படுத்தும் இயந்திரங்களா? இயந்திரங்கள்தான், ஐயமில்லை. 2021 தொடக்கத்தில் கிராஞ்சிக் காட்டில் 4.5 ஹெக்டர், உரிய ஒப்புதலுக்கு முன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது வெளியே வந்தது. அப்படி ஒரு நிலம் போகும்போது, அங்கே எந்தப் பறவை எந்த மாதத்தில் இரை தேடியது, எந்த மரத்தில் உட்கார்ந்தது என்று சொல்ல நாளும் இடமும் குறித்த படங்கள் வேண்டும். சுற்றிலும் நிலம் தெரியும்படி எட்ட நின்று எடுத்த படங்கள் அவை. கூட்டின் இடத்தையும் அடையும் இடத்தையும் மட்டும் ஊரறியப் பரப்பாமல், பதிவு செய்பவர்களிடம் கொடுத்தால் போதும். கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று நடந்தது. 120 ஹெக்டருக்கு மேற்பட்ட அந்த நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்புகிறது. பின்னர் வீடுகள் வரும். அந்தத் திறந்த வெளிமேல் எவை வட்டமிட்டன என்பதைக் குறித்துவைக்க மிச்சமிருப்பவை ஒரு சில வலசைக் காலங்கள்தாம்.