விற்றுமுதலும் ஆள் கணக்கும்: சிறு தொழில் செய்பவர் அறிய வேண்டிய வரிகளும் சம்பளப் பிடித்தங்களும்

சிறு தொழில் நடத்துபவரின் வரிக் கடமைகளைப் பெரும்பாலும் இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு என்பது ஒன்று. சம்பளத்துக்கு எத்தனை பேர் என்பது மற்றொன்று. நாகல்கேணியின் தோல் பட்டறையோ, தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையோ, சேலையூரில் ஒரு மெஸ்ஸோ, எதுவானாலும் அளவுகோல் இதுதான். எல்லையைத் தாண்டிய நாளிலேயே கடமை தொடங்கிவிடுகிறது. அதிகாரி வந்து சொல்லும்வரை சட்டம் காத்திருப்பதில்லை.

விற்றுமுதலைப் பார்ப்பது 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். சேவைக்கு எல்லை 20 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செல்போன் விற்கும் கடையிலேயே பழுதுபார்ப்பும் நடந்தால், அது பொருள் மட்டும் விற்கும் கடை அல்ல. எல்லை 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். சட்டத்தின் பார்வையில் உணவகமும் சேவையே. விற்றுமுதலைக் கூட்டும்போது ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாக் கடைகளும் சேரும். வரியில்லாப் பொருள்களின் விற்பனையும் சேரும். மளிகைக் கடைக்காரர் பாலையும் காய்கறியையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அது தவறான கணக்கு. வரியில்லாப் பொருளை மட்டுமே விற்பவருக்கு மட்டும் பதிவு தேவையில்லை.

வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பெரும்பாலும் இந்த எல்லைகள் எதுவும் பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். புதுச்சேரிக்கு ஒரு பார்சல் விற்றாலும் அது வெளிமாநில விற்பனைதான். தாம்பரத்தில் இதற்கு இன்னொரு விசித்திரமான முகமும் உண்டு. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த மெப்ஸ் வளாகம் இன்று சிறப்புப் பொருளாதார மண்டலம். அத்தகைய மண்டலத்துக்குள் செல்லும் விற்பனை எல்லாவற்றையும் சட்டம் மாநிலம் கடந்த விற்பனையாகவே கருதுகிறது. சாலைக்கு எதிர்ப்புறக் கடையிலிருந்து மெப்ஸ் ஆலைக்கு உதிரிபாகம் போனாலும், வரிக் கணக்கில் அது மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பணமாக வாங்கும் சில்லறை வியாபாரம் யார் கண்ணிலும் படாது என்ற நம்பிக்கை யு.பி.ஐ. வந்தபின் செல்லாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூருவில் பல கடைகள் யு.பி.ஐ. அட்டையையே எடுத்துவிட்டன. அட்டையை எடுப்பதால் விற்றுமுதல் குறைந்துவிடாது.

எல்லையைத் தாண்டிய 30 நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஏதுமில்லை. ஏஜெண்டுகள் வாங்குவது அவர்களுடைய கூலி. பான், ஆதார், வங்கி விவரம் ஆகியவற்றோடு கடை முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது போன்றவை தேவைப்படும். கிடைக்கும் 15 இலக்க எண், தமிழ்நாட்டைக் குறிக்கும் 33-இல் தொடங்கும். அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். சான்றிதழை உள்ளேயும் எண்ணைப் பெயர்ப் பலகையிலும் காட்டுவது விதி.

விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டினால் போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வெளிமாநில விற்பனையும், அதனால் மெப்ஸ் விற்பனையும் கூடாது. தெருமுனை மெஸ்ஸுக்கு இது நிம்மதி. நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கும் பட்டறைக்கு இது பாதகம், ஏனெனில் வாங்கும் நிறுவனத்துக்கு வரிக் கழிவு கிடைக்காது; அது வேறு பட்டறையைத் தேடிப் போய்விடும்.

சாதாரணத் திட்டத்தில் இருப்பவர் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்து, வரியை 20-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் ரிட்டர்னைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம்; வரியை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டும். வியாபாரமே நடக்காத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தாமதமான வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இனி ஆள் கணக்கு. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழில் வரியும் வந்துவிடும். ஐந்து பேர் ஆனால் தொழிலாளர் நல நிதி சேரும்; இது ஆளுக்கு ஆண்டுக்குச் சில பத்து ரூபாய் விவகாரம். பத்து என்பது பெரிய படி. இ.எஸ்.ஐ., பணிக்கொடை, 2024 ஜூலை முதல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு ஆகியவை அங்கே தொடங்குகின்றன. இருபதில் பி.எஃப்., போனஸ்.

தமிழ்நாட்டில் தொழில் வரி மாநிலக் கருவூலத்துக்குப் போவதில்லை, உள்ளாட்சிக்குப் போகிறது. தென்சென்னைப் புறநகரில் இது சிறிய சிக்கல் அல்ல. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. பள்ளிக்கரணையும் மடிப்பாக்கமும் சென்னை மாநகராட்சியில் இருக்கின்றன. முடிச்சூரும் மேடவாக்கமும் அந்த இணைப்பில் சேராமல் ஊராட்சிகளாக நின்றன. ஒரே முதலாளிக்குக் குரோம்பேட்டையிலும் பள்ளிக்கரணையிலும் கடை இருந்தால் இரண்டு மாநகராட்சிகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை; 75,000-ஐத் தாண்டினால் உச்ச அடுக்கு. மாதம் 15,000 வாங்கும் தையல்காரரும் அதைவிட அதிகம் வாங்கும் மேலாளரும் ஒரே அடுக்கில் நிற்பது நியாயமாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் வரம்பு 1988 முதல் மாறவில்லை.

பி.எஃப்.பில் எண்ணும் முறை இதற்கு நேர்மாறு. கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம்; தாம்பரத்தில் எட்டு பேர், சேலையூரில் ஏழு, பெருங்களத்தூரில் ஐந்து என்றால் கணக்கு இருபது. ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் எண்ணிக்கையில் சேருவார்கள். சம்பளம் கூடுதல் என்பதால் பி.எஃப். பிடிக்கத் தேவையில்லாதவரும் தலைக்கணக்கில் உண்டு. இருபதைத் தொட்டுப் பதிவான பிறகு ஆள் குறைந்தாலும் கடமை தானாக விலகாது.

மாதம் 15,000 ரூபாய், படிகள் ஏதுமின்றி முழுவதும் அடிப்படைச் சம்பளமாக வாங்கும் ஒருவரின் கணக்கைப் பார்க்கலாம். பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே 1,800 போடுகிறார்; அதில் 1,250 ஓய்வூதியத்துக்கும் மீதி வைப்பு நிதிக்கும் போகும். காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் முதலாளி தலா 75 ரூபாய் கூடுதலாகத் தருகிறார் (நிர்வாகக் கட்டணம் நிறுவனத்துக்கு மாதம் 500-க்குக் குறையக் கூடாது). இ.எஸ்.ஐ.யில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். தொழில் வரி நீங்கலாக ஊழியர் கைக்கு வருவது 13,087. முதலாளிக்கு ஆகும் செலவு 17,438. ஆளைச் சேர்க்கும்போது பேச வேண்டியது இந்த இரண்டு தொகைகளையும்தான். பேசாமல் விட்டுப் பிறகு மனத்தாங்கல் ஆவது வழக்கம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். பி.எஃப்.புக்குத் தாம்பரத்திலேயே மண்டல அலுவலகம் உண்டு. இ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் பெறுபவருக்கு. நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம், 26 வாரப் பேறுகாலப் பலன், கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்துக்கே சிகிச்சை. ஒரு அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு அந்த 113 ரூபாயின் அருமை தெரியும்.

பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கி அல்ல. ஊழியரிடம் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகை முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். அதைக் கட்டாவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். இரண்டிலும் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் உண்டு.

அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டி பி.எஃப்.பைக் குறைக்கும் பழைய உத்திக்கு, 2025 நவம்பர் 21-இல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கடிவாளம் போட்டுள்ளன. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கருதப்படும். மறுபுறம், 2025 ஆகஸ்டு முதல் 2027 ஜூலை வரை புதிய ஆட்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு, ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை மத்திய அரசு இரண்டு ஆண்டுகள் ஊக்கத்தொகை தருகிறது. ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பி.எஃப். பதிவு இல்லாதவருக்கு இது கிடைக்காது.

வருமான வரிப் பிடித்தம் சிறு கடைகளை அதிகம் தொடுவதில்லை. புதிய முறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரி விழாததே காரணம். அதைத் தாண்டிச் சம்பளம் பெறுபவர் இருந்தால் டான் எண் வாங்கி, பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

கடையை மூடுவதும் ஒரு பதிவுதான். ஜி.எஸ்.டி. எண்ணை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும்; ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கலாக வேண்டும். பில்களையும் கணக்குகளையும் அந்தந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.