தோலுக்கடியில் சர்க்கரையை அளக்கும் கருவி



புந்தோங் என்றால் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் வேறொன்றும் குடியேறிவிட்டது. அதுதான் இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தால், அந்த நேரத்துச் சர்க்கரை தெரிகின்றது. காலையில் 7 என்று வந்தால் நிம்மதி அடைகின்றோம். ஆனால், நள்ளிரவில் அது 3க்கு இறங்கியிருந்தால் யார் அறிவார்? ஒரு மங்கைப் பார்த்து ஒரு நிரையின் பால் முழுவதையும் கணக்கிட முடியுமா?

இக்குறையைப் போக்கவே தோலுக்கடியில் வைக்கும் உணர்கருவிகள் வந்தன. 1962இல் அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளார்க் இதற்கு வழிகாட்டினார். 1999இல் தொடர்ந்து அளக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கின்றது? கையின் மேற்புறத்திலோ வயிற்றிலோ ஒரு வில்லையை ஒட்டுகின்றார்கள். அதன் அடியில் முடி போன்ற மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும். அதன்மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் போன்ற ஒரு நொதியைப் பூசியிருப்பார்கள். தசையிடை நீரிலுள்ள சர்க்கரை அந்நொதியைத் தொட்டதும் இரசாயன மாற்றம் நிகழ்ந்து, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். கருவி அதை எண்ணாக மாற்றிக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகின்றது. சர்க்கரை ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதை அம்புக்குறி காட்டும். அளவு மிகவும் இறங்கினால் மணி ஒலிக்கும்.

இதற்கும் குறைகள் உண்டு. அது அளப்பது இரத்தத்தை அன்று. ஆகையால், சர்க்கரை வேகமாக மாறும்போது அதன் எண் சில நிமிடங்கள் பின்தங்கும். உடல் நடுங்கி, வேர்த்து, எண் மட்டும் சரியாக இருந்தால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையை அதிகம் உண்டாலும் சில கருவிகள் தவறாகக் காட்டும். முள் குத்திய இடத்தை உடல் சூழ்ந்துகொள்வதுபோல், அந்த இழையையும் உடல் அந்நியப் பொருளாகவே எண்ணுகின்றது. நொதியும் நாளடைவில் தளர்கின்றது. ஆகவே, பல கருவிகளை 10 முதல் 15 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். செலவும் ஏழைக் குடும்பத்துக்குச் சுமைதான்.

கருவி வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டாம். மருத்துவர் சொல்லும் நேரங்களில், உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும், படுக்குமுன்னும் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அதுவும் பெரும்பகுதி உண்மையைச் சொல்லும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேலைக்குப் போகக் கூடாது.

சர்க்கரை 3.9க்குக் கீழ் போனால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.

இரவில் கருவியின் மணி அடித்தால் நோயாளிக்கு அது கேட்காமலும் போகலாம். எனவே, இவற்றை அவர் மட்டுமன்றி, மனைவியும் மூத்த பிள்ளையும் கற்றிருக்க வேண்டும். இன்றிரவே வீட்டில் இதைப் பற்றிப் பேசுவோம்.