செங்காது ஆமையைக் காட்சியகத்துக்கு அளித்தல்

செங்காது ஆமை என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் ஆமை ஆகும். நாணய அளவுக் குஞ்சாக விற்கப்படும் இது 30 செ.மீ. வரை வளரக்கூடும். தொட்டி போதாதபோது வளர்ப்போர் சிலர் இதனைப் பொது நீர்வாழ் உயிரினக் காட்சியகங்களுக்கு அளிக்க முன்வருகின்றனர். அவை பெரும்பாலும் மறுக்கின்றன. இடமின்மை மட்டும் காரணமன்று. நலமாகத் தோன்றும் ஆமையும் சால்மோனெல்லா பாக்டீரியா, ரானா தீநுண்மம் போன்றவற்றைச் சுமந்திருக்கலாம். ரானா தீநுண்மம் தவளைகளையும் மீன்களையும் தாக்கவல்லது. எனவே ஒரே நீர் சுழலும் தொட்டிகள் அனைத்துக்கும் அது பரவலாம். இதனால் ஏற்கப்படும் விலங்குகளும் முதலில் சில வாரங்கள் தனிமைப்படுத்தப்படுகின்றன. ஒரு சோதனை போதாது. சால்மோனெல்லா கழிவில் விட்டுவிட்டே வெளிப்படும்.

மறுக்கப்பட்ட ஆமையைக் குளத்தில் விடுவது இன்னும் கேடானது. சப்பானில் 2023 சூன் முதல் இதன் விற்பனையும் வெளியே விடுதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. வீட்டில் வளர்க்கவோ விலையின்றிப் பிறரிடம் ஒப்படைக்கவோ தடையில்லை.