குரல் மாறிய பின் கேட்ட பழைய இசைத்தட்டு
இரண்டாம் ஆண்டு இளமறிவியல் (இயற்பியல்)

விடுதி அறையில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த நண்பர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 'டெத் மெட்டல்' இசையை முதன்முறை கேட்பவருக்கு அது பாட்டாகவே தோன்றாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இதையா கற்றுக்கொண்டு வந்தான் என்று என் தாயார் வருந்தியதும் உண்டு.

1980-களில் உருப்பெற்ற இவ்விசைக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரம் ஒரு தலைமையிடமாக விளங்கிற்று. அங்குள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் தொடக்ககால இசைத்தட்டுகளைப் பதிவு செய்த குழு 'கானிபல் கார்ப்ஸ்'. 1988-இல் பஃபலோ நகரில் தோன்றிய இக்குழுவின் முதல் பாடகர் கிரிஸ் பார்ன்ஸ். 1994-இல் வெளிவந்த 'தி பிளீடிங்' அவருடைய நான்காவது தட்டு. இக்குழுவில் அதுவே கடைசி. அடுத்த தட்டுக்கான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1995-இல், குழுவினர் அவரை விலக்கிவிட்டு ஜார்ஜ் ஃபிஷரை அழைத்து வந்தனர். 1996-இல் 'வைல்' வெளியாயிற்று.

இந்த உறுமல் எப்படிப் பிறக்கிறது? நாம் பேசும்போது குரல்வளையிலுள்ள குரல்நாண்கள் ஒழுங்காக அதிர்கின்றன. ஆடவர் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை. அவற்றுக்குச் சற்று மேலே 'போலிக் குரல்நாண்கள்' என்னும் மடிப்புகள் உள்ளன. பேச்சில் அவை சும்மா இருக்கும். உறுமும்போது அவையும் சேர்ந்து அதிர, ஒழுங்கு குலைந்து, சுருதி மறைந்து கரகரப்பு மேலோங்குகிறது. ஆகவே இப்பாடகரிடம் இராகம் தேடக்கூடாது. அவர் ஒரு தாளக் கருவி.

தாளக் கருவிதானே, ஆளை மாற்றினால் என்ன என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன். நான் முதலில் கேட்டது ஃபிஷரைத்தான். அசுர வேகம், ஆயினும் அசைகளை விரல்விட்டு எண்ணலாம். இடையிடையே உச்சத்தில் ஓர் அலறல். அதன்பின் பார்ன்ஸைக் கேட்டபோது மந்தமாக இருந்தது. பழையது கழிந்ததே நல்லது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அது தவறு என்று காட்டியது ஒரே பாட்டு. 'தி பிளீடிங்' தட்டின் முதற்பாட்டை, 2000-இல் வெளியான மேடைப் பதிவில் ஃபிஷர் பாடியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்போமே, ஏறக்குறைய அதுபோல. ஃபிஷர் பாடும்போது குரல் கிதாருக்கு முன்னால் வந்து நிற்கிறது. பார்ன்ஸின் குரலோ கிதாருக்கு அடியில், தரையில் கிடக்கிறது. அதனால் மேலே இடம் கிடைக்கிறது. அலெக்ஸ் வெப்ஸ்டரின் பேஸ் கிதாரை அதன்பின்தான் நான் ஒழுங்காகக் கேட்டேன். மந்தம் என்று நான் நினைத்தது உண்மையில் நிதானம்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. முந்தைய தட்டுகளில் பார்ன்ஸின் சொற்கள் புரியவே புரியாது. இதில் குரல் சற்றுத் தெளிந்திருப்பதால் சொற்கள் காதில் விழுகின்றன. பாடல்களை எழுதியவரும் அவரே; அவற்றுள் சில பெண்களுக்கெதிரான கொடுமையை விரித்துரைப்பவை. முதல் மூன்று தட்டுகளின் பாடல்களை ஜெர்மனி மேடைகளில் பாட 2006 வரை தடை இருந்தது. அவர் போனபின் பாடல் எழுதும் வேலை மற்ற உறுப்பினர்களிடம் வந்தது; கோரம் குறையவில்லை, எனினும் அந்த வக்கிரம் பெரிதும் குறைந்தது. 'வெறும் கற்பனைதானே' என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. எனக்குத் தங்கை இருக்கிறாள். அந்த வாதம் எனக்குச் செல்லவில்லை.

குரலுக்குப் பழைய தட்டு, சொல்லுக்குப் புதியது என்று பிரித்துக் கேட்க முடிந்தால் நன்றாயிருக்கும். முடிவதில்லை. தேர்வு முடிந்த இரவுகளில் நான் எடுப்பது பெரும்பாலும் 'தி பிளீடிங்'தான். முதற்பாட்டை முழுதும் கேட்பேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் தள்ளிவிட்டு நான்காவதற்குப் போய்விடுவேன்.